பூசிய சுவர்

கதவைத் திறந்த மச்சினன் தணிகாசலம், ஞானசுந்தரத்தைப் பார்த்ததும் அலறவில்லை. படாரென்று சாத்தித் தாழ் போட்டுவிட்டான்.

"டேய், நான்தான்டா! ரயில்ல அடிபட்டவன் நான் இல்ல. என் பையைத் திருடிட்டு ஓடினவன்!"

"தயவுசெஞ்சு போயிடுங்க அத்தான்," என்றது கதவு. "நேத்துதான் எல்லாம் முடிச்சோம். தனிஷ்டா பஞ்சமியில போன உசுரு, எடுத்த வழியாவே திரும்பி வந்துடும்னு சொன்னாங்க. அதான் உங்களை வாசல் வழியா எடுக்கலை. பின்சுவரை இடிச்சு எடுத்தோம், இப்பத்தான் பூசியும் ஆச்சு. அப்புறமும் வாசலுக்கே வந்து நிக்கிறீங்களே, எப்படி?"

"பஸ்ல வந்தேன்டா! செண்பகத்தைக் கூப்பிடு."

"அது மட்டும் நடக்காது. அக்காவையும் கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?"

ஞானசுந்தரம் சந்து வழியாக வீட்டின் பின்பக்கம் போனான். சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குப் புதுச் சிமெண்ட், இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. பன்னிரண்டு வருஷம் குடியிருந்த வீடுதான். ஆனாலும் இங்கிருந்து பார்க்க, யாரோ ஒருவருடைய வீடு மாதிரி இருந்தது. உள்ளே யாரோ விசும்பினார்கள். அவன் மெல்லத் தட்டினான்.

விசும்பல் நின்றது.

"செண்பகம், நான்தான். உசுரோடதான் இருக்கேன்."

பிறகு சுவருக்கு மிக அருகில், அவன் மனைவியின் குரல் கேட்டது.

"உசுரோட இருக்கிறவர் வாசலுக்குத்தானேங்க வருவார்? இங்க வந்து ஏன் தட்டுறீங்க?"

ஞானசுந்தரம் சிமெண்ட் ஒட்டிய விரல்களைப் பார்த்தான். யோசிக்க வேண்டியிருந்தது.