திருடி வேண்டாம்

"திருடியா? ஏன்டி, இத்தனை பேர் இருக்கையில உனக்குத் திருடிதான் கிடைச்சாளா?"

மங்களம் கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

கம்ப்யூட்டர் திரையில் நாலு பேர். வாளோடு மாவீரன், தாடியோடு மந்திரவாதி, மூலிகைப் பையோடு வைத்தியர், கறுப்புத் துணி போர்த்திய திருடி. யாராக விளையாடப் போகிறாய் என்று கேம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை எடுத்துவிட்டால் கடைசிவரை மாற்ற முடியாது.

"இது ரெண்டாவது பாகம்மா," என்றாள் பதினாலு வயது மகள் தேவிஸ்ரீ. "முதல் பாகத்துல மாவீரன்தான் ஹீரோ. இவ சும்மா கூட வருவா. கடைசியில சிறைக் கதவைத் திறந்து எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, அவ மட்டும் மாட்டிக்குவா. இதுலதான் நாம அவளா விளையாடலாம். ஒரு வருசமா காத்திருக்கேன்லா!"

"திருடினா மாட்டத்தான் செய்வா. வைத்தியரை எடு."

"அவ ஏழைங்களுக்காகத்தான்மா திருடுறா."

"யாருக்குக் கொடுத்தா என்ன? திருடி திருடிதான். அந்தப் பேரோட என் மக என் வீட்டுல உக்கார்ந்து விளையாட வேணாம். மீறி எடுத்த, பிளக்கைப் புடுங்கிருவேன்."

மங்களம் அப்படித்தான். ஜாசின் பாசாரில் மீன்காரர் தவறி ஒரு மீனைக் கூடப் போட்டுவிட்டால், ஏறிய பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். நல்ல குணம்தான், யார் இல்லையென்றது? அதற்காகப் பொம்மைத் திருடியிடமுமா இவ்வளவு கோபம்?

தேவிஸ்ரீக்கு அழுகை முட்டியது. கேம் சிடி, தோழி உஷாராணியுடையது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"மங்களம்! இருக்கியா?"

வாசலில் வேலாயி. செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மங்களத்தோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவள். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, கல்யாணப் பத்திரிகை.

"எங்க விமலனுக்குக் கல்யாணம்லா! மாரியம்மன் காலடியில முதல் பத்திரிகை வச்சேன். அடுத்தது உனக்குத்தான்."

"என்னக்கா நீ! உன் அண்ணன் தம்பிங்க இருக்கையில, தாய்மாமனுக்கு வைக்காம எனக்கா?"

"அவங்களுக்கு அப்புறம்தான். புடி."

மங்களம் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். முகம் என்னவோ போலாகிவிட்டது. தேத்தண்ணி கலக்குகிறேன் என்று உள்ளே ஓடினாள்.

வேலாயி தேவிஸ்ரீயின் கண்ணைப் பார்த்தாள்.

"ஏன்டா கண்ணு அழுவுற?"

"பாருங்க பெரியம்மா, விளையாட்டுலகூட நான் திருடியா இருக்கக் கூடாதாம். யாருக்குக் கொடுத்தாலும் திருடி திருடிதானாம். அம்மாவுக்கு இரக்கமே இல்ல."

வேலாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மாவா அப்படிச் சொன்னா?" அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "மங்களம், இவகிட்ட நீ சொல்லவே இல்லையா?"

"அக்கா, வேணாங்க்கா." உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சும்மா இரு. இருபத்து மூணு வருசமா வாயை மூடிக்கிட்டிருந்தேன், போதும்." வேலாயி தேவிஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப விமலன் மூணு மாசப் புள்ளை. எனக்குக் காய்ச்சல் வந்து பால் வத்திப்போச்சு. வேலைக்குப் போகலன்னு செக்ரோல்ல, அதான் வேலையாள் பதிவுல, என் பேரை வெட்டிட்டாங்க. பேர் இல்லாதவ புள்ளைக்கு ஆயாக்கொட்டாய்ல பால் கிடையாது. அங்க புள்ளைங்களப் பாத்துக்கிட்டது உங்கம்மாதான். தினம் சாயங்காலம் ஒரு பிடி பால்மாவை முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து கொடுப்பா. ஒருநாள் கணக்கு எழுதுற கிராணி டின்னை நிறுத்துப் பாத்துட்டாரு."

"அப்புறம்?"

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல, அத்தனை சனத்துக்கு முன்னால நிக்கவச்சு 'திருடி'ன்னாரு. யாருக்குக் கொடுத்த, சொல்லுன்னாரு. சொல்லியிருந்தா என்னையும் புள்ளையோட லயத்தைவிட்டு விரட்டியிருப்பாங்க. இவ வாயே தொறக்கல. வேலை போச்சு. நான் பாவி, கூட்டத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

தேவிஸ்ரீ திரும்பினாள். மங்களம் தேத்தண்ணித் தட்டோடு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"தோட்டத்துத் தண்ணி ஒத்துக்கலன்னு டவுனுக்கு வந்தோம்னு சொன்னீங்களேம்மா?"

"வேற என்னத்தைச் சொல்ல? அந்தப் பேரோட நடந்து பாத்தவடி நான். சின்னப் புள்ளைங்ககூட பின்னாலயே கத்திக்கிட்டு வந்துச்சுங்க. விளையாட்டுக்குக்கூட உன்னை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது. அதுக்குத்தான் வேணாம்னேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். வேலாயி எழுந்துபோய் அவள் கையிலிருந்த தட்டை வாங்கினாள்.

தேவிஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். யாரிடமும் கேட்காமல் திருடியைத் தேர்ந்தெடுத்தாள். மங்களம் தடுக்கவில்லை.

திரை மாறியது. இவளுக்கு என்ன பெயர் வைக்கப் போகிறாய் என்று கேம் கேட்டது. தேவிஸ்ரீ ஒவ்வொரு எழுத்தாக அடிக்க ஆரம்பித்தாள்.

மங்களத்துக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஐசி அடையாள அட்டையில் இருக்கும் தன் பெயரை மட்டும்தான் அடையாளம் தெரியும்.

நாலாவது எழுத்து விழுவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.