பித்தளைக் குண்டு

எவ்வளவு உலுக்கலைப் பொறுக்கலாம் என்று இதற்குத் தெரிந்திருக்கிறதே, என்று வேதவல்லி நினைத்துக்கொண்டாள். எஃகுப் பந்தைத் துடுப்புகளால் தட்டி விளையாடும் பழைய பின்பால் இயந்திரம் அது. துறைமுகத்து கிளப் ஒன்றை மூடியபோது வாங்கிவந்தாள். நான்கு மாதங்களாகச் சாப்பாட்டு அறையில் வைத்து, ஒவ்வொரு சுவிட்சாகத் துடைத்து, அறுந்த ஒயர்களைப் பற்றவைத்து உயிர்ப்பித்திருந்தாள். அவளுக்கு மிகவும் பிடித்தது, பெட்டிக்குள் ஒரு கம்பியில் தொங்கும் பித்தளைக் குண்டு. அதைச் சுற்றி ஒரு வளையம். இயந்திரத்தை லேசாகத் தட்டினால் குண்டு ஆடும், அவ்வளவுதான். முரட்டுத்தனமாக உலுக்கினால் வளையத்தைத் தொட்டுவிடும். உடனே விளக்குகள் அணைந்து துடுப்புகள் நின்றுவிடும். சத்தம் போடாது. அடுத்த பந்துக்கு எதுவும் நடக்காததுபோல மறுபடி ஒளிரும். இப்படியொன்றை யோசித்துச் செய்தவரை ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

முதல் ஆட்டத்திலேயே அவள் கணவன் பரசுராமன் இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினான். விளக்குகள் அணைந்தன.

"என்னடி, செத்துப்போச்சா?"

"இல்லீங்க. நீங்க உலுக்குனது அதுக்குப் பிடிக்கல. உள்ள குண்டு இருக்குல்ல, அது நிறுத்திருச்சு."

"நம்ம வீட்டு மெஷினு நம்மகிட்டயே மொறைக்குதா? அந்தக் குண்டக் கழட்டிரு. ஞாயித்துக்கெழம ஆபீஸ்காரங்க முன்னாடி மானம் போயிரும்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவளிடம் நீட்டினான். பதினெட்டு வருடங்களில் அவன் நீட்டிய எதையும் அவள் வாங்காமல் இருந்ததில்லை. இதையும் வாங்கினாள். இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"இன்னும் ரெண்டு பந்து இருக்கு," என்றாள். "மெதுவா ஆடுங்க."