வலிச்சா கையைத் தூக்குங்க

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க சார். பேசக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது. புரிஞ்சுதா?" என்றார் பல் டாக்டரம்மா.

நாற்காலியில் சாய்ந்திருந்த மீசைக்காரர் திறந்த வாயோடு "ஆ" என்றார். முதல் தடவையாக வந்திருப்பவர். பெயர், வயது, சொத்தையான கடைவாய்ப்பல். அவருடைய கார்டில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

டாக்டரம்மா மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பினார். கை இங்கே இருந்தாலும் மனசு காலையிலிருந்தே வேறு இடத்தில்.

"அந்த லிஸ்ட்டை எடு. அஞ்சு மணிக்குள்ள ஆர்டர் போட்டாத்தான் சனிக்கிழமை வரும். ஞாயித்துக்கிழமை என் தம்பி வந்து நிப்பான்."

நர்ஸ் டாக்டரம்மாவின் போனை எடுத்துக்கொண்டாள். "கேம் ஆடற கம்ப்யூட்டர்தானே டாக்டர்? கடையில ரெடியா விக்கறதை வாங்கிட்டுப் போகாம உங்களுக்கு ஏன் இந்த வம்பு?"

"பந்தயம்மா! 'பல்லைப் பிடுங்கற கையால கம்ப்யூட்டர் மாட்டப் போறியாக்கா?'ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சுட்டான். யாரையும் ஒரு வார்த்தை கேட்காம, பார்ட் பார்ட்டா வாங்கி, நானே மாட்டி ஓட வைக்கணும். ஓடினா ஒரு மாசம் எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் அவன்தான் கழுவணும்."

"ஓடலைன்னா?"

"ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அந்தப் பேச்சையே எடுக்காதே. சரி, படி."

டாக்டரம்மா பல்லைத் துளைக்க ஆரம்பித்தார். நர்ஸ் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"முதல்ல ப்ராசஸர். போன மாசம் வந்த புது மாடல்."

"கம்ப்யூட்டருக்கு மூளையே அதுதான். அதுல கஞ்சத்தனம் கூடாது."

"அதை உட்கார வைக்கிற மதர்போர்டு... இது நாலு வருஷத்துக்கு முந்தின மாடல்னு போட்டிருக்கே?"

"இருந்துட்டுப் போகட்டும். கறுப்பும் தங்கமுமா என்ன அழகு பாரு!"

மீசைக்காரரின் இடது கை விருட்டென்று மேலே போனது.

"ஐயோ, வலிக்குதா சார்?"

"ஆ! ஓ... ஆ!"

"பேசாதீங்க, பேசாதீங்க. இன்னொரு ஊசி போட்டுடறேன்." போட்டார். கன்னம் பன் மாதிரி உப்பியது. பாவம் மனுஷன்.

"அடுத்து ராம் மெமரி, ரெண்டு."

"ஜோடியாத்தான் போடணும். நானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

கை அசையாமல் கிடந்தது. "மருந்து பிடிச்சுக்கிச்சு" என்று டாக்டரம்மா திருப்திப்பட்டுக்கொண்டார்.

"கிராஃபிக்ஸ் கார்டு. அடேயப்பா, ஒரு முழம் இருக்கும் போல!"

"வேணும்னுதான் பெருசா எடுத்தேன். எதிரி வந்தா அவன் மூக்கு மேல இருக்கற வேர்வைகூடத் தெரியணும்."

"எல்லாத்தையும் உள்ளே வைக்கிற பெட்டி... ஐ, ரோஸ் கலர்! குட்டியூண்டா நம்ம பஞ்சு டப்பா மாதிரியே இருக்கு டாக்டர்."

இடது கை மறுபடி எழுந்தது. இந்தத் தடவை வலது கையும் துணைக்கு வந்து நர்ஸின் கையிலிருந்த போனைக் காட்டிக் காட்டி ஆடியது.

"வீட்டுக்குப் போன் பண்ணணுமா சார்? முடிஞ்சதும் பேசிக்கலாம்" என்றாள் நர்ஸ் ஆறுதலாக.

"இவ்வளவு மருந்துக்கும் அடங்கலைன்னா இவருக்கு யானைக்குப் போடற அளவுதான் போடணும்" என்று முணுமுணுத்தபடி டாக்டரம்மா மூன்றாவது ஊசியையும் போட்டார். இப்போது "ஆ" கூட வரவில்லை. "ழ்ழ்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"கடைசியா, கரண்ட் குடுக்கற பவர் சப்ளை. இருக்கறதுலயே சின்னது."

"ஆமா, பில் ஏறக் கூடாது பாரு."

மீசைக்காரர் இரண்டு கைகளோடு ஒரு காலையும் சேர்த்துத் தூக்கினார்.

"இன்னும் ரெண்டே நிமிஷம் சார். எல்.கே.ஜி. குழந்தைகூட இப்படிப் பண்ணாது!" என்று அந்தக் காலை அமுக்கிப் பிடித்து, பல்லை அடைத்து முடித்தார் டாக்டரம்மா.

"மணி நாலு அம்பத்தெட்டு டாக்டர். பிரிச்ச பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு வேற கடைக்காரன் கொட்டை எழுத்துல போட்டிருக்கான். அழுத்தட்டுமா?"

டாக்டரம்மாவுக்குத் தம்பியின் சிரிப்பு காதில் கேட்டது. "அழுத்து. நடக்கறது நடக்கட்டும்!"

நர்ஸ் அழுத்தினாள்.

மீசைக்காரரின் சட்டைப் பையில் 'டிங்' என்று மணி அடித்தது.

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. பேசப் பார்த்தார், எச்சில்தான் வந்தது. பையிலிருந்து போனை எடுத்து டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். திரையில் 'உங்கள் கடைக்குப் புதிய ஆர்டர்' என்று இருந்தது. அதன் கீழே டாக்டரம்மாவின் பெயரும் இந்த கிளினிக்கின் விலாசமும்.

இப்போது வாயைத் திறந்தது டாக்டரம்மா.

மீசைக்காரர் மருந்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்து, கோணல் வாயோடு சிரித்துக்கொண்டே எழுதினார்:

"எனக்கு ஒரு தடவைகூட வலிக்கலை டாக்டர். அந்த ப்ராசஸர் அந்த போர்டுல உட்காராது, அந்த கார்டு அந்தப் பெட்டிக்குள்ள போகாது, அந்த பவர் சப்ளைக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. மூணையும் மாத்தி சரியானதை அனுப்பறேன், மாட்ட வேண்டியது நீங்கதான். பந்தயத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. நீங்க யாரையும் ஒரு வார்த்தை கேட்கலை, நானாத்தான் கையைத் தூக்கினேன்!"