பச்சை மூடி பாட்டில்கள்

"என்ன மச்சான், நீ மலை ஏறுறியா, இல்ல மலை உன் மேல ஏறுதா?"

மேலேயிருந்து மருந்துக்கடைக்காரர் கேட்டதும் குழு மொத்தமும் சிரித்தது. மூச்சிரைக்கக் கடைசி ஆளாக வந்து சேர்ந்தான் அவருடைய மச்சினன்.

பனிமலைக்குப் போகும் முன் கடைசிப் பயிற்சி நடை. பாரம் சுமந்து பழக எல்லோர் பையிலும் தண்ணீர் பாட்டில்கள். முழங்கால் நோகாமல் இறங்குவதற்காக உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

"இவரைப் பனிமலைக்குக் கூட்டிட்டுப் போறது ஆபத்து," என்றார் பயிற்சியாளர். "உங்க வீட்டு ஆளு, நீங்க என்ன சொல்றீங்க?"

"சொந்தம்னு பாத்தா முடியுமா சார்? விட்டுடலாம்."

மச்சினன் பாறையில் உட்கார்ந்து தன் பாட்டில்களைக் காலி செய்தான். அப்போதும் பை உப்பியே இருந்தது. உள்ளேயிருந்து பச்சை மூடி பாட்டில்களை எடுத்து, மருந்துக்கடைக்காரரின் காலடியில் சத்தமில்லாமல் அடுக்கினான்.

"இது உங்களோடது மாமா. நீங்களே கொட்டிடுங்க."

அடிவாரத்தில் மச்சினன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் நைசாக அவன் பைக்கு மாற்றியவை.

"உனக்குத் தெரியுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பையைத் தூக்கினதுமே தெரிஞ்சுது. உங்களுக்கு முட்டி வலின்னு அக்கா சொன்னா. கேட்டிருந்தா நானே வாங்கியிருப்பேன் மாமா."

மருந்துக்கடைக்காரர் எழுந்துபோய், பயிற்சியாளர் முன்னால் தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சுருட்டித் திணித்த ஜெர்கின் ஒன்று மட்டும் விழுந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.