பிரித்து ஒட்டிய உறை

கெட்டிலின் ஆவியில் உறையின் ஒட்டு மெல்ல இளகியது. உறையின் மேல் ஒரு பெண்ணின் பெயர். சமையலறைக் கதவு தாழிட்டிருக்கிறதா என்று தபால்காரர் இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

"உள்ள என்னங்க பண்றீங்க?" மனைவி வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"தண்ணி சுட வைக்கிறேன்!"

உள்ளே கடிதம் இல்லை. வானியல் மாத இதழ். கடையில் கிடைக்காது, சந்தாதாரர்களுக்கு மட்டும். நாமும் சந்தா கட்டலாமே என்று ஒருமுறை பேச்செடுத்தபோது, "ஊர்ல இருக்கிற விலாசம் போதாதுன்னு நட்சத்திரத்துக்கும் விலாசம் தேடணுமா?" என்று மனைவி சிரித்துவிட்டாள். அதோடு வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து, உறையில் பெயருள்ள அந்தப் பல் டாக்டரம்மாவுக்கு வரும் இதழ், இரண்டு மூன்று நாள் இவர் வீட்டில் தங்கிவிட்டுத்தான் போகும்.

சென்ற மாதம்வரை அது உறுத்தவில்லை. அந்த மாத இதழில், விடியலுக்கு முன் நிலா வெள்ளியை மறைக்கப் போவதாகப் போட்டிருந்தார்கள். மொட்டைமாடியில் நின்று கண் நிறையப் பார்த்தார். படியிறங்கும்போதுதான் சுருக்கென்றது. இதழ் இன்னும் தன் தலையணைக்கு அடியில் அல்லவா இருக்கிறது!

அன்று காலையே ஓடிப்போய்க் கொடுத்தார். டாக்டரம்மா கண் சிவந்திருக்க, கொட்டாவியை அடக்கிக்கொண்டு வாங்கினார். வேலை அலுப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் தபால்காரர். ஆனால் அதற்குப் பிறகு அந்த முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

இந்த மாத உறையில் ஒரு சீட்டும் இருந்தது. 'அச்சுப் பிரதி தொடரட்டுமா, டிஜிட்டல் மட்டும் போதுமா?' டிஜிட்டல் போதும் என்று அந்தம்மா எழுதிவிட்டால், இவருடைய வானம் அன்றோடு மூடிவிடும்.

மறுநாள் கிளினிக்கில் நோயாளிகள் யாரும் இல்லை. டாக்டரம்மா உறையைப் பிரித்துச் சீட்டைப் படித்தார்.

"புத்தகத்தை நிறுத்திடலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

"ஐயோ, வேணாம்மா! கம்ப்யூட்டர்ல படிச்சா கண்ணு கெட்டுடும்."

"பல் டாக்டருக்கே கண் வைத்தியமா?" என்று சிரித்தார் டாக்டரம்மா.

அந்தச் சிரிப்பைத் தபால்காரரால் தாங்க முடியவில்லை. தோள்பையை இறக்கிவைத்தார்.

"நிறுத்திடுங்கம்மா. கம்ப்யூட்டர்லயே படிங்க. அதுலன்னா நாள் தவறாம வரும், நடுவுல நான் இருக்க மாட்டேன். மாசாமாசம் பிரிச்சுப் படிச்சுட்டு, திரும்ப ஒட்டித்தான் குடுத்தேன். போன மாசம் நிலா வெள்ளியை மறைச்சதை நீங்க பார்க்க முடியாம போனது என்னாலதான். மேலதிகாரிக்கு எழுதிப் போடுங்க. வேலை போனாலும் போகட்டும்."

வாய் கொப்பளிக்கும் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பேனாவை எடுத்தார். 'அச்சு' என்ற கட்டத்தில் டிக் அடித்து, சீட்டை அவர் கையிலேயே கொடுத்தார்.

"நான் ரெண்டு வருஷமா கம்ப்யூட்டர்லதான் படிக்கிறேன். புத்தகம் உங்களுக்குத்தான் வருது."