அம்மாவுக்கு ஆகாத வெள்ளை

"வெள்ளை வேண்டாம்பா. அம்மாவுக்கு வெள்ளை ஆகாது."

டைல்ஸ் கடையில், மாதிரிகள் ஒட்டிய பெரிய பலகைக்கு அந்தப் பக்கம் நின்று பெண் தன் அப்பாவிடம் சொன்னது, இந்தப் பக்கம் நின்ற சித்தியின் காதில் தெளிவாக விழுந்தது.

கையிலிருந்த வெள்ளை டைல்ஸைக் கீழே போட்டு உடைக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

அம்மா என்றால் யார் என்று சித்திக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹால் சுவரில் படமாகச் சிரித்துக்கொண்டிருப்பவள். கணவரின் முதல் மனைவி. இவள் இரண்டாவதாக வந்தவள். வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் கட்டில் அவள் வாங்கியது, பீரோ அவள் வாங்கியது, டீ வடிகட்டி முதற்கொண்டு அவள் வாங்கியது. எதையாவது இடம் மாற்றினால், "அது அங்கேயே இருக்கட்டுமே" என்பார் கணவர்.

தரையை மாற்றலாம் என்று பேச்சு வந்தபோதுதான் சித்திக்கு உயிர் வந்தது. தரையாவது என் இஷ்டம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாள். வீடு முழுக்க வெள்ளை. குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பு. வருகிறவர்கள் யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டால், "நான்தான்" என்று சொல்ல அந்த வீட்டில் ஒரே ஒரு பொருளாவது வேண்டாமா?

அதிலும் வந்து கை வைத்துவிட்டாள், படத்தில் இருப்பவள்.

சித்தி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"கிச்சனுக்கு இந்தச் சாம்பல் கலர்ப்பா. புள்ளி புள்ளியா இருக்கே, இதுதான் அம்மாவுக்குச் சரி."

"அவ ஒத்துக்கணுமே" என்றார் கணவர்.

"நீங்களே எடுத்ததா சொல்லிடுங்கப்பா."

அப்பாவும் பெண்ணும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களா? உயிரோடு இருப்பவள் ஆசைப்பட்டால் கிடையாது. போய்ச் சேர்ந்தவளுக்குக் கலர் ஆகாதாம். இனிமேல் எழுந்து வந்து நடக்கப் போகிறாளா என்ன?

தரையைவிட இன்னொன்றுதான் அவளை அதிகமாகச் சுட்டது. இந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டு, காய்ச்சல் வந்தால் கண் விழித்து, காலேஜ் வரை கொண்டு வந்து சேர்த்தது யார்? அந்த வாயிலிருந்து ஒரு தடவை, வாய் தவறிக்கூட, இவளைப் பார்த்து "அம்மா" என்று வந்ததில்லை. சாப்பாடு கேட்கவும் சித்தி, சண்டை போடவும் சித்தி. படத்துக்கு மட்டும் அம்மா. ஒரு படத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று வெளியே சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். அதனால் சொன்னதில்லை. சொல்லாததால் அது குறைந்துவிடவும் இல்லை.

விறுவிறுவென்று கடைக்காரரிடம் போனாள்.

"எழுதிக்கோங்க. ஹாலுக்கு வெள்ளை. ரெண்டு ரூமுக்கும் வெள்ளை. கிச்சன், பாத்ரூம், பால்கனி, எல்லாத்துக்கும் இதேதான். பளபளன்னு."

கடைக்காரர் பேனாவை மூடிக்கொண்டு இழுத்தார். ஹாலுக்குச் சரி, பாத்ரூமில் பளபளப்பு போட்டால் ஈரத்தில் வழுக்கும், பால்கனியில் மழைத் தண்ணீர் தெறிக்கும், அங்கெல்லாம் சொரசொரப்பாக எடுப்பதுதான் நல்லது என்றார்.

"விழுந்தா நான்தானே விழப்போறேன்? நீங்க எழுதுங்க."

சத்தம் கேட்டுப் பெண் ஓடி வந்தாள். பின்னாலேயே கணவரும்.

"சித்தி, வெள்ளை வேண்டாமே."

"ஏன்? உங்கம்மாவுக்கு ஆகாதோ?"

கேட்டேவிட்டாள். கணவர் தலை குனிந்து தரையைப் பார்த்தார். பார்ப்பதற்கு அந்தக் கடையில் தரைக்கா பஞ்சம்?

"எல்லாம் என் காதுல விழுந்துச்சு" என்றாள் சித்தி. "அவங்களுக்கு எது ஆகாதோ அதுதான் எனக்கு வேணும். வீடு பூரா அதுதான் போடணும்."

பெண் திருதிருவென்று விழித்தாள்.

"எங்கம்மாவுக்கா? அவங்களுக்கு வெள்ளைன்னா உயிராச்சே சித்தி. வெள்ளைத் தரை போடணும்னு அப்பாவை அவங்க படுத்தாத பாடு இல்ல."

இப்போது விழிப்பது சித்தியின் முறையாயிற்று.

"அப்போ யாருக்கு ஆகாதுன்னு சொன்னே?"

பெண் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர், "சொல்லிடு" என்றார்.

"வெள்ளையில ஒரு முடி விழுந்தாலும் தெரியும். தெரிஞ்சா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. அந்த முட்டி வலியோட நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு துடைப்பீங்க. அப்புறம் தைலம் தேய்ச்சுக்கிட்டு முனகுவீங்க. உங்ககிட்ட சொன்னா கேட்க மாட்டீங்கன்னுதான் அப்பாகிட்ட சொன்னேன்."

சித்தி கையிலிருந்த டைல்ஸை மெல்லக் கீழே வைத்தாள்.

"நீ அம்மாவுக்குன்னுதானே சொன்னே?"

பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. அடிக்கடி செய்துவந்த ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது போல நின்றாள்.

"நீங்க வந்த அன்னைக்கே, 'என்னை அம்மான்னு கூப்பிட வேண்டாம், சித்தின்னா போதும்'னு சொல்லிட்டீங்க. அதான், நீங்க இல்லாத இடத்துல மட்டும் கூப்பிட்டுக்கறேன்."