ஆவி பறக்கும் சோறு

“அஞ்சு நிமிஷம் பொறும்மா. சோறு இப்பத்தான் இறக்கினேன். ஆவி அடங்கறதுக்குள்ள படம் எடுத்து அனுப்பறேன்.”

மனைவியிடம் பேசிவிட்டுப் போனை வைத்த போட்டோகிராபர், ஸ்டுடியோ மேஜைக்குத் திரும்பினார். சோறு இருந்தது. இப்போது இறக்கியதல்ல, நேற்று ஹோட்டல் மெனு அட்டைக்குப் படம் எடுத்தபோது மிஞ்சியது.

சோற்றைக் குவிக்க ஒரு வழி உண்டு. தட்டின் நடுவில் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு பிடி சோற்றை அப்பினால் போதும், பானைச் சோறு மாதிரி தெரியும். கீரையை வேகவிட்டால் கறுத்துப் போகும்; கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து எண்ணெய் தடவினால், தோட்டத்தில் இருந்தபோதுகூட அது அத்தனை பச்சையாக இருந்திருக்காது. மீன் உள்ளே வேகாததுதான், தோலுக்கு மட்டும் பொரித்த நிறத்தில் சாயம். ஸ்பூனை விரல் ரேகை போகத் துடைத்து, எல்லா மெனு அட்டையிலும் இருப்பதுபோலத் தட்டுக்கு வலது பக்கம் நேராக வைத்தார்.

கடைசியாக ஆவி. நனைத்த பஞ்சை மைக்ரோவேவில் சூடாக்கித் தட்டுக்குப் பின்னால் ஒளித்தார். ஆவிக்கு எதிரில் விளக்கு வைத்தால் அது கண்ணுக்கே தெரியாது. பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்து, அதற்கும் பின்னால் கறுப்புத் துணியைக் கட்டினால், வெள்ளை வெளேரென்று எழுந்து ஆடும்.

க்ளிக். படம் போனது. உடனே பதில் வந்தது: “பாக்கும்போதே பசிக்குது. முழுசா சாப்பிடுங்க.”

ஐந்து வருட முயற்சிக்குப் பிறகு மனைவிக்கு வேறு ஊரில் ஒரு வருடப் பயிற்சி கிடைத்திருந்தது. இவருக்கோ வயிற்றில் புண். கடைச் சாப்பாடு கூடாது, வேளை தவறவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “ஒழுங்கா சமைச்சுச் சாப்பிடறதா இருந்தாத்தான் போவேன். பட்டினி கிடக்கறீங்கன்னு தெரிஞ்சா, மறுநாளே விட்டுட்டு வந்துடுவேன்” என்றிருந்தாள். இவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதுவும் படத்துக்குக் கீரை முக்க.

“தம்பி, இந்தா.” கழுத்தில் அளவு டேப்போடு டப்பாவை நீட்டினார், கீழ்த்தளத்துத் தையல்கார அக்கா. “மிஞ்சிப்போச்சு.”

“தினமும் எப்படிக்கா கரெக்டா ஒரு ஆளுக்கு மிஞ்சுது?”

“எனக்குத் துணிதான் அளந்து வெட்டத் தெரியும். அரிசி அளக்கத் தெரியல. பேசாம சாப்பிடு.”

அவர் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட ஆரம்பித்தார். அக்கா மேஜைத் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இவ்வளவு அழகா இருக்கே, இதையே தின்னுட்டாத்தான் என்ன?”

“தின்னா ஆஸ்பத்திரிதான். போன வாரம் ஐஸ்க்ரீம் விளம்பரம் எடுத்தேன்ல? அது ஐஸ்க்ரீமே இல்ல, மசிச்ச உருளைக்கிழங்கு. விளக்குச் சூட்டுல ஐஸ்க்ரீம் நிக்காது.”

“முந்தாநாள் கிண்ணத்துல பால் ஊத்திட்டிருந்தியே?”

“பசைக்கா. பால்னா மேல போட்டதெல்லாம் ஊறி முழுகிடும். பசையில அப்படியே மிதக்கும்.”

“ஊரை ஏமாத்தற, சரி. கட்டினவளையுமா?”

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். “இன்னும் மூணு மாசம்தாங்க்கா. தெரிஞ்சா மூட்டையைக் கட்டிட்டு வந்துடுவா. அஞ்சு வருஷக் கனவு, என் வயித்தால போச்சுன்னு இருக்கக் கூடாது. இதுவரைக்கும் என் படத்துல யாரும் குத்தம் கண்டுபிடிச்சதில்ல, அவளும் கண்டுபிடிக்கல.”

அக்கா டப்பாவை எட்டிப் பார்த்தார். “அந்த மூலையில ரெண்டு பருக்கை இருக்கு பாரு, அதையும் வழிச்சிடு” என்றார்.

வழித்துவிட்டு, டப்பாவைக் கழுவ எழுந்தார்.

“கழுவாத. அப்படியே குடு.”

தினமும் இதே கண்டிப்புதான். கழுவக் கொடுக்கவே மாட்டார். டப்பாவை வாங்கிக்கொண்டு படியிறங்கிய அக்கா, போனை மேஜையிலேயே மறந்துவிட்டார்.

எடுத்துக்கொண்டு பின்னால் ஓடப்போன நேரத்தில், அது அவர் கையிலேயே ‘டிங்’ என்றது. திரையில் ஒரு முகம். ஜன்னல் வெளிச்சத்தில் சிரிக்கும் அந்த முகத்தைப் படம் எடுத்தவரே அவர்தான். அவர் மனைவி.

“அக்கா, இன்னிக்கு காலி டப்பா படம் இன்னும் வரலியே. சாப்பிட்டாரா?”

விரல் பட்டதும் திரை திறந்துகொண்டது. நேற்றைய தேதியில் ஒரு படம், முந்தாநாள் ஒன்று, அதற்கு முந்தைய நாள் ஒன்று. எல்லாம் கோணல், எல்லாம் இருட்டு, ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல். எல்லாவற்றிலும் அவர் வழித்துச் சாப்பிட்ட டப்பா.

போனைத் தேடி, டப்பாவும் கையுமாக மூச்சிரைக்க ஏறிவந்த அக்கா, வாசலிலேயே நின்றுவிட்டார்.

“எப்பலேர்ந்துக்கா?”

“ஒன்பது மாசமா. ‘நான் கேட்டுட்டா கிளம்பி வரணும், அவர் மனசு உடைஞ்சு போவாரு. அவர் படம் அனுப்பட்டும், நீங்க சோறு போடுங்க’ன்னு சொல்லிடுச்சு உன் பொண்டாட்டி.”

“முதல் நாளேவா?” வெட்கத்தையும் மீறி அவருடைய தொழில் தலைதூக்கியது. “எதுலக்கா மாட்டினேன்? ஆவியிலயா, கீரையிலயா?”

“சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லயாம்” என்றார் அக்கா, போனை வாங்கி, டப்பாவை ஜன்னல் பக்கம் சாய்த்துப் படமெடுத்துக்கொண்டே. “ஸ்பூனைத்தான் வலது பக்கம் வெச்சிருந்தியாம், இடது கைக்காரா.”